ரகடா, ரெலிகேட், ஞாயிறு நாலரை மணி

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்குப் பேத்தியின் போனை அவள் கையில் கொடுப்பார்கள். பத்து நிமிடம் கழித்துத் திரும்ப வாங்கிவிடுவார்கள். வடக்கே ஒரு மலையடிவாரத்து ராணுவ அகாடமியில் அவள் சேர்ந்த முதல் ஆறு மாதம் இப்படித்தான் போனது. பத்தில் ஆறு நிமிடம் அவள் அம்மாவுக்கு, அதாவது என் மகளுக்கு. ஒன்று மருமகனுக்கு. மூன்று எனக்கு. மருமகனுக்குத் திருபுவனை கம்பெனியில் ஷிஃப்ட் இருந்தால் எனக்கு நான்கு.

அதிலும் பாதியை நானே கெடுத்துக்கொள்வேன். அவள் பேசுவதில் ஒரு சொல் புரியாவிட்டால் அதை விட்டு மேலே போக எனக்கு வராது. நில அளவைத் துறையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவன். ஒரு எல்லைக்கல் காணவில்லை என்றால் அடுத்த கல்லுக்கு நகர மாட்டேன்.

“உஸ்தாத் ரகடா குடுத்துட்டாரு தாத்தா. கோர்ஸ்மேட் ஒருத்தி ஷூ லேஸ் சரியா கட்டல. இருவத்தேழு பேருக்கும் விழுந்துச்சு.”

“இரு இரு. உஸ்தாத்னா இன்னா?”

“டிரில் சொல்லித்தர்ற ஹவில்தாரு.”

“ரகடா?”

“தண்டனை. கிரவுண்ட் முழுக்க உருட்டி எடுத்துடுவாங்க.”

“ஐயையோ. எத்தனை தடவை உருண்ட?”

“அத யாரு எண்ணிக்கினு இருப்பா? நீ சுத்த சிவ்வி தாத்தா!”

சீருடை போடாத எல்லாரும் அங்கே சிவ்வி. நான் சிவ்வி, அவள் அப்பா சிவ்வி, எங்கள் ஊர் பாகூரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்தை வரைக்கும் நடமாடும் அத்தனை பேரும் சிவ்விகள். அந்த வாரம் முழுவதும் தெருவில் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவு வந்தது.

வீட்டிலிருந்து ஏரிக்கரைக்கு ஆயிரத்து நூற்று நாற்பது அடி எடுத்து வைக்க வேண்டும். சாயங்காலம் போய் மதகின் பக்கம் உட்காருவேன். வெயில் தணிந்து, தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்துக்கு வரும் நேரத்தில் கண் தானாகச் சொக்கும். அப்போது அவளுடைய சொற்கள் தண்ணீர் மேல் ஒவ்வொன்றாக வந்து இறங்கும். கொக்குகள் வரிசை கட்டி நிற்கும். எங்கிருந்தோ ஒரு உஸ்தாத் குரல் கொடுப்பார். எல்லாக் கொக்குகளும் ஒரே காலைத் தூக்கும். இருபத்தேழு என்று எண்ணி முடிப்பதற்குள் ஒன்று பறந்துவிடும். திரும்ப முதலிலிருந்து எண்ணுவேன்.

நான்காவது மாதத்தில் ஒரு ஞாயிறு அவள் குரல் இறங்கியிருந்தது.

“பத்து மீட்டர் பலகைலேர்ந்து தண்ணில குதிக்கணும் தாத்தா. ரெண்டு தடவை ஏறிட்டு எறங்கிட்டேன். மூணாவதும் குதிக்கலன்னா ரெலிகேட்.”

கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். ஆறு மாதம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்களாம். கூடப் படித்தவர்கள் எல்லாம் சீனியர் ஆகிவிடுவார்கள். அவர்களை இவள் மேடம் என்று கூப்பிட வேண்டும்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏரி இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவளுக்குத் தண்ணீர் பழகாமல் போனதற்குக் காரணம் நான். அவள் ஏழு வயதில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கியபோது கையைப் பிடித்து இழுத்து வந்தவன் நான்தான். அதற்குப் பிறகு அவள் கரையோடு நின்றுகொண்டாள்.

சேர்க்கைத் தாளில் ஒரு அதிகாரியின் எண் இருந்தது. அவசரத்துக்கு மட்டும் என்று போட்டிருந்தார்கள். இதைவிட அவசரம் என்ன? செவ்வாய்க்கிழமை காலை அந்த எண்ணைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது, பிள்ளைக்கு ஆறு வாரம் தவணை கொடுங்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நான்கு முறை சார் என்றார். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவள் முதலில் என்னைத்தான் கேட்டாள்.

“தாத்தா, நீ ஆபீசருக்குப் போன் பண்ணியா?”

“பண்ணேன். இன்னாம்மா?”

“வூட்லேர்ந்து யாரும் பரிஞ்சு பேசக் கூடாது தாத்தா. அது இங்க பெரிய குத்தம். இருவத்தேழு பேருக்கும் ரகடா.”

“எல்லாரும் உன்னத் திட்டுனாங்களா?”

“திட்டியிருந்தா பரவால்ல. ஒருத்தி வந்து என் முழங்கைக்கு மருந்து போட்டுட்டுப் போறா. அதான் தாங்கல. நீ ஒண்ணும் பண்ணாத. வெள்ளிக்கிழமை டெஸ்ட். வைக்கிறேன்.”

ஒன்றே கால் நிமிடம்தான் பேசினாள். என் மகள் என்னைப் பார்த்து, “யப்பா, உன்னை யாருப்பா கேட்டாங்க?” என்றாள்.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறும் முன்பே மதகுக்குப் போய்விட்டேன். பத்து மீட்டர் என்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். தரையில் படுக்கப் போட்டு அளந்தால் பதினான்கு எட்டு. நிமிர்ந்து நின்றால் அது வேறு. எதிர்க்கரைப் பனைமரத்தைப் பார்த்தபடி இருந்ததில் கண் சொக்கியது. மரத்தின் உச்சியில் ஒரு பெண் நின்றாள். கீழே தண்ணீர் அசையவே இல்லை. காற்றும் இல்லை. அவள் விழவும் இல்லை, இறங்கவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, வெயில் முதுகைச் சுட்டபோதுதான் எழுந்தேன்.

ஞாயிறு நாலரைக்கு மணி அடித்தது. மகள் ஒரு நொடி காதில் வைத்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

“குதிச்சிட்டேன் தாத்தா!”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“மேல ஏறி நின்னா, காலு வரவே இல்ல. பரேட்ல இருக்க வேண்டிய இருவத்தாறு பேரும் கீழ குளத்தைச் சுத்தி வந்து நிக்கிறாளுங்க. ஒருத்தி கத்துனா. அப்புறம் எல்லாரும் கத்துனாளுங்க. உஸ்தாத் கத்துறாரு, யாரும் கேக்கல. குதிச்சிட்டேன். மேல வந்து மூச்சு விடறதுக்குள்ள இருவத்தேழு பேருக்கும் ரகடா!”

“ஈரத்தோடயா?”

“ஈரத்தோடதான்! மண்ணெல்லாம் ஒட்டிக்கிச்சு தாத்தா, வடை மாதிரி ஆயிட்டோம்.”

சளி பிடிக்கும், தலையைத் துவட்டினாயா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பல பெண்கள் சிரிப்பது கேட்டது. எத்தனை பேர் என்று அந்தச் சத்தத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.