இடத்தைப் பார்க்காமல் தாமோதரன் மேல் போட்ட பழி

காலையில் கடையைத் திறந்தால் நெட் இல்லை. தாமுவைத் திட்டுவதற்காகவே போன் போட்டேன். "எங்கய்யா தொலைஞ்சே?" என்று ஆரம்பித்தும் விட்டேன். எடுத்தது அவன் மகள். "அங்கிள், டாடி போயிட்டாரு. கம்பத்துல கரண்ட் அடிச்சிடுச்சு" என்றாள்.

தாமோதரனைத் தெரிந்தவர்களுக்கு அவன் வாயும் தெரியும். செகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழன். டெலிபோன், இன்டர்நெட் லைன்களில் பழுது கண்டுபிடிப்பது வேலை. மரியாதை கிடையாது, பொறுமை கிடையாது. ஆனால் எந்தப் பழுதையும் ஊகத்தில் சொல்ல மாட்டான்.

சனத்நகரில் என் பேரிங் கடைக்கு அவன் முதலில் வந்தது ஒரு மழைக்காலத்தில். போனில் கரகரப்பு, நெட் நிற்காது. முன்னால் வந்தவர்கள் மோடத்தைக் குறை சொல்ல, நானும் புதிது வாங்கி மாட்டியிருந்தேன். இவன் கடைக்குள்ளேயே வரவில்லை. "டீ நக்கோ, வேணாம் சேட்டு. மொதல்ல உன் கடைய லைன்லேர்ந்து கழட்டறேன். அப்புறம் யார் மேல தப்புன்னு பேசலாம்" என்றான். வாசல் பெட்டியில் என் ஒயரைப் பிரித்துவிட்டு, தன் டெஸ்ட் போனை மாட்டிக் கேட்டான். கரகரப்பு அப்படியே இருந்தது. பாதி வழியில் இருந்த பெட்டிக்குப் போய் லைனை இரண்டாகப் பிரித்து, எந்தப் பாதியில் சத்தம் என்று பார்த்தான். அந்தப் பாதியை மறுபடி பிரித்தான். கடைசியில் அகப்பட்டது தண்ணீர் புகுந்த ஒரு ஜாயின்ட். அதைப் போட்டவன் கூடவே வந்திருந்த அவன் கம்பெனி ஆள் யாதகிரி. "வெறும் டேப்பச் சுத்திட்டுப் போயிருக்கியே, கைக்கு? ஏன்டா?" என்று தெருவிலேயே கேட்டுவிட்டான். பழுது கம்பெனி பக்கம்தான் என்று ஆபீசுக்கும் சொன்னான். சூப்பர்வைசருக்கு அது பிடிக்கவில்லை.

எனக்கும் சலுகை கிடையாது. புது போர்டு மாட்டிய மறுநாள் லைன் செத்தது. போர்டு ஆணி ஒயரில் இறங்கியிருந்தது. "பேரிங் விக்கிற சேட்டுக்கு ஆணி எங்க அடிக்கறதுன்னு தெரியலியே" என்று வாடிக்கையாளர்கள் எதிரில் சிரித்தான். கோபம் வந்தது. என்ன செய்வது, ஆணி என்னுடையது.

சாவு வீட்டில் அதே சூப்பர்வைசர், "கேர்லெஸ்ஸா ஏறிட்டார் சார்" என்றார். மகள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். கம்பத்தைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் தேவையில்ல சார், ரிப்போர்ட் போயாச்சு."

நான் போய்ப் பார்த்தேன், மின்சார ஆபீஸ் ஆளையும் கூட்டிக்கொண்டு. நெட் கேபிளைத் தாங்கும் இரும்புக் கம்பியை, உறை உரிந்த கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் கம்பியில் டெஸ்டரை வைத்ததும் விளக்கு எரிந்தது. தாமு போட்ட கட்டு இல்லை அது. அவன் ஏறியதற்கு முந்தின நாள் அதே கம்பெனியின் வேறு கோஷ்டி வந்து அவசரமாகக் கட்டிவிட்டுப் போனதாக எதிர் வொர்க்‌ஷாப்காரர் சொன்னார். அவரையும் சாட்சிக்கு வைத்துப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: நேரில் போய்ப் பிரித்துப் பார்க்காமல் யார் மேலும் தப்புச் சொல்வதில்லை, பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பதில்லை.

கட்டுப் போட்டவர்களே, அவன் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் நீங்களும் இருந்தீர்கள். பார்த்ததை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "ஆபீஸ்ல எல்லாரும் டாடி தப்புன்னுதானே சொல்றாங்க அங்கிள்" என்கிறாள். ஸ்டேஷனுக்கு வரப் பயமாக இருந்தால், முதலில் அவளிடமாவது போய்ச் சொல்லுங்கள்.