துப்பாக்கிக்கு வைத்த சந்தனம்

அப்பா அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் காவலாளி. முதலாளியின் கைத்துப்பாக்கி லைசென்சில், அதை வைத்திருக்கும் ஆள் என்று அப்பாவின் பெயரும் ஏறியிருந்தது. அதனால்தான் கம்பெனிக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை கிடைத்தது. அங்கிருந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆங்கிலத்தில் வகுப்பில் முதல் மதிப்பெண் என்பதை யாரும் கேட்காமலே சொல்வேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆயுத பூஜை முடிந்து சில நாட்களில் முதலாளியின் தோட்டத்துக்குள் வெறிநாய் புகுந்தது. அப்பா விசையை இழுத்தார். டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. அடுத்த தோட்டாவும் வெடிக்கவில்லை. நாய் காங்கேயம் காளையைக் கடித்துவிட்டு ஓடியது.

"துப்பாக்கியக் கீழ போட்டுட்டயா?" என்றார் முதலாளி.

"இல்லீங்க மொதலாளி."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள செரி பண்ணு. இல்லீன்னா ரூமக் காலி பண்ணிரு."

துப்பாக்கியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அப்பா என்னிடம் நீட்டினார். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். அந்தச் சின்னத் தோட்டாவுக்கு மருந்து அடிவிளிம்பில் இருக்கும். தோட்டா தன் துளைக்குள் முழுதாக உட்காரவில்லை என்றால், விசையை இழுத்ததும் விழும் சுத்தியலின் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். விளிம்பு நசுங்காது; நசுங்கினால்தான் வெடிக்கும்.

"அதே தோட்டாவ மறுக்கா அடிச்சா வெடிக்குதுங்களாப்பா?"

"ஆமா கண்ணு. உனக்கெப்படித் தெரியும்?"

தோட்டாக்களை எடுத்துவிட்டு, சுழலும் உருளையின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். துளைகளின் வாயில் மஞ்சளாக ஏதோ கெட்டிப்பட்டிருந்தது. பூஜையன்று முதலாளியின் மனைவி ஒவ்வொரு துளைக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்திருந்தார். சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்று அப்பாவும் விட்டுவிட்டார். இப்போது கன்னத்தில் போட்டுக்கொண்டு, மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மண்மேட்டில் முதலாளியே சுட்டார். எல்லாத் தோட்டாக்களும் முதல் அடியிலேயே வெடித்தன.

"என்னய்யா பண்ணுன?"

"தூசிங்க மொதலாளி. தொடச்சேனுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு நாள் படித்தது நான். "தூசி இல்லீங்க, சந்தனம். மொதலாளியம்மா வெச்ச பொட்டு. தோட்டா முழுசா உக்காரலீன்னா வெடிக்காதுன்னு புக்குல போட்டிருக்குதுங்க" என்று அந்த வரியை ஆங்கிலத்தில் சத்தமாக வாசித்தேன்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த கம்பெனி மெஷின் பிட்டர் சிரித்துவிட்டார். "அப்ப ஆயுத பூச நாய்க்குத்தான் பலிச்சிருக்குதுங்க!"

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியின் மனைவி சிரிக்கவில்லை. "மாட்டக் கடிச்சது எம்பட பூசையாலயா? சாமிக்கு வெச்ச பொட்டச் சொரண்டிப் போட்டு, புக்கு வேற படிக்கறாளா இவ?"

முதலாளி துப்பாக்கியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். மறுநாள் லைசென்சிலிருந்து அப்பாவின் பெயரை எடுக்க எழுதிக் கொடுத்துவிட்டார். அறையும் போயிற்று.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்கையில் அப்பா திட்டவில்லை. "தூசின்னே இருந்திருக்கலாம் கண்ணு" என்றார்.

"தூசி இல்லீங்களேப்பா" என்றேன்.

அத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. நல்லூரில் ஒரு தையல் கம்பெனியில் துணியில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். சேருகிற அன்று சூப்பர்வைசர் கைநாட்டுக்கு மைப்பெட்டியை நீட்டினார். அதைத் தள்ளி வைத்துவிட்டு, ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டேன்.