சட்டைப்பையில் அதிர்ந்த றிங் கட்

யாழ்ப்பாணத்துக்கான பாதை மூடப்பட்டதற்கும் போர் முடிந்ததற்கும் இடைப்பட்ட வருடங்களில் கொழும்பில் இருந்த தமிழர்களுக்கு 'றிங் கட்' என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கைத்தொலைபேசியில் ஒருவரை அழைத்து, மறுபக்கம் மணி ஒருதரம் அடித்தவுடன் வெட்டிவிடுவதுதான் றிங் கட். காசு போகாது, சேதி போய்விடும். பிள்ளை ரியூசனுக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு றிங் கட். கணவன் கந்தோருக்குள் நுழைந்தால் ஒரு றிங் கட். 'உயிரோடு இருக்கிறேன்' என்பதை அந்தக் காலத்தில் நாங்கள் அப்படித்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் தொடர்மாடி இருந்தது. அங்கே இந்த றிங் கட் பயன்படாதவர் ஒருவர்தான். மூன்றாம் மாடி ஐயா. நகர மையமான கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, நான் அங்கு குடிவந்த வருடம் முற்றாக நின்றிருந்தது. தன் குரல் தனக்குக் கேளாததால் உரத்துப் பேசுவார். அவர் மனைவியை நாங்கள் எல்லாரும் அன்ரி என்போம். அன்ரி அவருக்குச் சொல்வதையெல்லாம் நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவார்.

திகதிகளில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. அதனால் அந்தத் தாள்களை அவர்கள் வீட்டில் காணும்போது எடுத்துப் பார்ப்பேன். ஒரு பக்கம் திகதி, திதி, ராகுகாலம். மறுபக்கம் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்: 'சுகமாம்.' கனடாவில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து அன்ரியோடு நெடுநேரம் கதைப்பாள். ஐயா எதிரே இருந்து அன்ரியின் முகம் சிரிப்பதையும் சுருங்குவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். போனை வைத்ததும் அன்ரி தாளில் எழுதி நீட்டுவார்.

"இவ்வளவு நேரமும் அவள் சுகம், சுகம் எண்டு மட்டுமோ சொன்னவள்?" என்று ஐயா கத்துவார்.

"வேற என்ன எழுதச் சொல்லுறியள்? எனக்குக் கை உளையுது" என்று அன்ரி எங்களைப் பார்த்துச் சொல்வார்.

அன்ரி புதன்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்குப் போவார். அங்கே அவருடைய தமக்கை படுக்கையில் இருந்தார். பஸ் கோட்டையையும் புறக்கோட்டையையும் தாண்டித்தான் போகவேண்டும். அந்த நாட்களில், எந்நேரமும் குண்டு வெடிக்கக்கூடிய அந்த வழி எப்படிப்பட்ட வழி என்பதைக் கொழும்பில் இருந்தவர்கள் அறிவார்கள். அவர் திரும்பும்வரை ஐயா பல்கனியில் நிற்பார். வீட்டுத் தொலைபேசி அடித்தாலும் கேளாது. வானொலி கேளாது. தண்ணீர் வெட்டு முதல் கூட்டம் வரை எல்லா அறிவித்தலையும் எங்கள் குடியிருப்பாளர் குழு குறுஞ்செய்தியாக்கியிருந்தது. அதுவும் அவருக்கு வராது. தண்ணீர் வெட்டு தெரியாமல் குளிக்கப் போய், உடம்பெல்லாம் சவர்க்காரத்தோடு நின்று அவர் போட்ட சத்தம் ஒருநாள் கீழ்மாடிவரை கேட்டது.

ஒரு புதன்கிழமை அன்ரி வரப் பிந்தியது. ஐயா தேடிக்கொண்டு காலி வீதிக்கு இறங்கினார். சந்திச் சோதனைச் சாவடியில் ஓர் இராணுவச் சிப்பாய் நிற்கச் சொல்லிக் கத்தியிருக்கிறான். ஐயா நடந்துகொண்டே இருந்தார். இரண்டாம் தரம் கத்தி, துவக்கையும் நிமிர்த்திவிட்டான். பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து குறுக்கே விழுந்து, "பவ், கன் எஹென்னே நே" என்று கும்பிட்டார். பாவம், காது கேளாது என்று சிங்களத்தில் சொன்ன அந்த வார்த்தைகள்தான் அன்று அவரைக் காப்பாற்றின.

அடுத்த நாளே குழுத் தலைவர் ஒரு முடிவெடுத்தார். வங்கியொன்றில் அதிகாரி, நாற்பதைத் தாண்டாதவர், நல்ல மனிதர். அன்ரியோ வேறொருவரோ கூட வராமல் ஐயாவைக் கேட்டுக்கு வெளியே விடக்கூடாது என்று காவலாளியிடம் சொல்லிவிட்டார். ஐயாவிடம் யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலை பேப்பர் வாங்கப் போனவரைக் காவலாளி மறித்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. காவலாளி மலையகத்தில் ஹற்றன் பக்கத்து ஆள். கையைப் பிசைந்துகொண்டு, "விட வேணாம்னு சொல்லிருக்காங்க ஐயா, நான் என்னங்க செய்ய?" என்றான். ஐயாவுக்குக் கேட்டிராது. ஆனால் பூட்டு தெரிந்தது.

அவர் கோபப்பட்டதாக எனக்கு நினைவில்லை. மேலே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு அன்ரியோடு இறங்கிவந்தார். படியில் என்னைக் கண்டு, "நீரும் வாரும். போன் வாங்கப் போறன்" என்றார்.

காலி வீதிக் கடையில் இருந்த விற்பனையாளர் ஐயாவைப் பார்க்கவே இல்லை. எங்கள் இருவரையும் பார்த்துத்தான் பேசினார்.

"அங்கிளுக்குக் கேக்காதெண்டா என்னத்துக்கு அன்ரி போன்? இந்த வயசில படிக்கவும் கஷ்டம். வீட்டில ஒண்டு இருக்குத்தானே?"

ஐயாவுக்கு உதடுகளைக் கொஞ்சம் வாசிக்கத் தெரியும். கண்ணாடிப் பெட்டிமேல் கையை ஊன்றி, கடை முழுவதும் கேட்க, "தம்பி, எனக்குக் காது தான் போட்டுது. நெஞ்சு இருக்கு" என்றார். பிறகு ஒரு போனை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டார். "இப்ப இதுக்கு அடியும். அதிர வையும்."

விற்பனையாளர் அதிர வைத்தார். ஐயாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். தூரத்தில் தெரிந்தவர் ஒருவரைக் கண்டுகொண்ட முகம் அது. சட்டைப்பைமேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு, "கட் பண்ணும். இனி நீர் என்னோட கதையும், அவையோட கதைக்காதையும்" என்றார்.

அன்று மாலையே, வெளியே போகும் அன்ரி தன் போனிலிருந்து கொடுக்கவேண்டிய றிங் கட்டுக்கு ஒரு சட்டம் வகுத்தார். ஓர் அதிர்வு: போய்ச் சேர்ந்துவிட்டேன். இரண்டு: திரும்புகிறேன். நிற்காமல் அதிர்ந்தால் ஆபத்து. நாற்பது வருடம் தட்டச்சில் பழகிய விரல்களுக்கு அந்தச் சின்ன விசைகள் கொஞ்சம் முரண்டு பிடித்தன. ஆனாலும் குறுஞ்செய்தியும் பழகினார். காலையில் அன்ரியோடு பேப்பர் வாங்கப் போகும்போது சோதனைச் சாவடியில் தானாகவே நின்று, அடையாள அட்டையையும், காது கேளாது என்று சிங்களத்தில் எழுதிய துண்டையும் எடுத்துக் காட்டுவார். காட்டத் தேவையில்லாத நாட்களிலும் காட்டுவார். கொஞ்ச நாளில் சாவடிச் சிப்பாய்கள் அவரைத் தூரத்தில் கண்டதும் "சீயா" என்று கையசைக்கத் தொடங்கினார்கள். சிங்களத்தில் சீயா என்றால் தாத்தா.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. நவராத்திரி முடிந்து வந்த புதன்கிழமை, லீவில் வீட்டில் இருந்த எனக்குக் கேட்டடியில் பெரிய சத்தம் கேட்டது. இறங்கிப் போனால், பொத்தான் போடாத சட்டையோடு ஐயா கேட்டை உலுப்பிக்கொண்டிருந்தார். காவலாளி குறுக்கே நின்றான்.

"நிக்காமல் அதிருது! அவவுக்கு ஏதோ நடந்திட்டுது, திறவடா!"

போனை வாங்கிக் காதில் வைத்தேன். மறுமுனையில் கனடா மகள்.

"அப்பாவோ? ஆர் கதைக்கிறது? அம்மா அப்பான்ர நம்பர் தந்தவ. ஆசையில எடுத்துப் பாத்தன்... ஐயோ, அவருக்குக் கேக்காதெல்லே!"

எல்லாருக்கும் தன் அதிர்வுச் சட்டத்தை விளக்கிய ஐயா மகளுக்கு மட்டும் சொல்ல மறந்திருந்தார். நான் அவசரமாகக் காவலாளியின் பேப்பர் ஓரத்தில் 'மகள். சும்மா எடுத்தவ. சுகமாம்' என்று எழுதிக் காட்டினேன்.

அவர் அதை வாசித்தார். மூச்சு வாங்கியது. பிறகு என்னை முறைத்து, "நீரும் சுகமாம் எண்டு தான் எழுதுவீர், என்ன!" என்றார்.

கொஞ்ச நேரத்தில் மகளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். ஐயா கேட்டடியில் காவலாளி உட்காரும் வாங்கிலில் இருந்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி, உரத்து வாசித்தார். பேத்தி குளிரில் விளையாடப் போய்த் தும்மலும் தடிமனுமாம். மருமகனின் வேலை இன்னும் சரிவரவில்லையாம். ஓரிடத்தில் தடக்கி நின்றார்.

"பேத்தி பல்லிக்குப் பயந்து அழுறாளாம். கனடாக் குளிரில பல்லி இருக்கோ?"

நானும் எட்டிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் பல்லியும் பள்ளியும் ஒன்றுதான்; இது 'பள்ளி'. பள்ளிக்கூடம் போகப் பயந்து அழுகிறாள். சொன்னதும் ஐயா சிரித்த சிரிப்பில் காவலாளியும் காரணம் தெரியாமலே சிரித்தான். அந்தச் செய்தியை அவர் அன்று எத்தனைதரம் வாசித்தார் என்று எனக்குத் தெரியாது. அன்ரி இரண்டு அதிர்வு கொடுத்து வீடு வந்து சேரும்வரை வாங்கிலைவிட்டு எழும்பவில்லை.

ஆனால் கேட்டடிச் சத்தம் குழுவின் காதுக்குப் போய்விட்டது. அந்த ஞாயிறு மாலை கூட்டத்தில் ஐயாவின் விடயமும் வந்தது. தன் பூட்டைத் திறக்கச் சொல்லி அவரே கேட்டிருந்தார். தலைவர் ஒரு தாளில் எழுதி நீட்டினார். ஐயா எழுந்து நின்று எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்.

"'அண்டைக்கு நடந்ததைப் பாத்தனீங்கள் தானே அங்கிள். உங்கட நன்மைக்குத் தான்.' நல்லது. தலைவர், உம்மட போனுக்கு ஒருத்தரும் பிழையா எடுக்கிறேல்லையோ? எடுத்தா உம்மையும் பூட்டி வைக்கிறவையோ?"

சிலர் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை.

"உங்களுக்கு வந்தா அது றோங் நம்பர். எனக்கு வந்தா வயசு போட்டுது. ஆமிப் பெடியளுக்கு இப்ப என்னைத் தெரியும். நீங்கள் தான் என்னைத் தெரியாத மாதிரி இருக்கிறியள்."

அன்ரி நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். தலைவரின் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. மறுபடி ஏதாவது நடந்துவிட்டால் என்ற பயம். 'யோசிச்சுச் சொல்லுறம்' என்று எழுதினார். ஐயா அந்தத் தாளை மடித்துப் போன் இருந்த பையிலேயே வைத்துக்கொண்டார்.

யோசனை முடியவில்லை. அதற்குள் இன்னொரு புதன்கிழமை வந்தது. திகதியை இங்கே எழுதவில்லை; அதைத் தங்கள் வீட்டுத் துக்க நாளாக வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. நகரத்தில் குண்டு வெடித்தது என்ற செய்தி மத்தியானத்துக்குப் பிறகு வந்தது. வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் முற்றத்துக்கு இறங்கிவிட்டோம். ஒவ்வொருவர் காதிலும் போன். ஒருவருக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. குண்டு வெடித்தால் லைன் நெருக்கிக்கொண்டு செத்துவிடும். றிங் கட்டும் போகாது.

தலைவர் வங்கியிலிருந்து ஓடிவந்திருந்தார். அவருடைய மகள் பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூடத்தில். போனைக் காதில் வைப்பதும் உதறுவதும் மறுபடி வைப்பதுமாக நின்றார். ஐயா படியிறங்கி வந்தார். சட்டைப்பைமேல் கை இருந்தது. முற்றத்தில் நின்ற எங்கள் எல்லாரையும் ஒருதரம் பார்த்தார். அத்தனை போன்கள், ஒன்றிலும் குரல் இல்லை. தலைவருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"உமக்குக் கேக்குதோ?"

தலைவர் இல்லை என்று தலையாட்டினார்.

"எனக்கும் கேக்கேல்லை." அந்தக் குரலில் குத்தல் இல்லை. "வாரும், சந்திக்குப் போய்ப் பாப்பம்."

காவலாளி தலைவரைப் பார்த்தான். தலைவர் தானே போய்க் கேட்டைத் திறந்தார்.

நான் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். சந்திச் சாவடியில் அன்று கெடுபிடி அதிகம். சிப்பாய்கள் ஐயாவைப் போகவிட்டு, தலைவரை மறித்து, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, யாழ்ப்பாணத்து விலாசத்தைக் கண்டதும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். தலைவர் பதற்றத்தில் சிங்களத்தையே மறந்துவிட்டார். ஐயா திரும்பிவந்து அவருடைய தோளில் கை வைத்தார். ஒழுங்கை முழுவதும் கேட்க, "மெயா அப்பே கெனெக்" என்றார். இவர் எங்கள் ஆள் என்று அர்த்தம். சிப்பாய் ஐயாவைப் பார்த்தான், தலைவரைப் பார்த்தான். "ஹரி சீயா," சரி என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

தலைவரின் மகள் முதலில் வந்தாள், ஓர் ஆசிரியையின் பின்னால் வரிசையாக நடந்துவந்த பிள்ளைகளோடு. ஐயா அவளைத் தகப்பனிடம் விட்டுவிட்டு, வடக்குப் பக்கம் பார்த்தபடி நின்றார். பஸ்கள் ஓடவில்லை, சனம் காலி வீதியை நிறைத்து நடந்து வந்துகொண்டிருந்தது. வெகுநேரத்துக்குப் பிறகு அந்தச் சனத்துக்குள் அன்ரி தெரிந்தார். அறுந்த செருப்பு ஒரு கையில், போன் மறு கையில்.

"அடிச்சனான், அடிச்சனான், போகவே இல்லை" என்று எங்களைப் பார்த்து அழுதார். பிறகு கணவனின் முகத்துக்கு நேரே நின்று அதையே மெதுவாக, உதடு தெரியச் சொன்னார்.

ஐயா செருப்பை வாங்கிக்கொண்டார். இரண்டடி நடந்திருப்பார்கள், திடீரென்று நின்று நெஞ்சைத் தொட்டார்.

"பொறும், ஒராள் றிங் கட் தாறா." போனை எடுத்துப் பார்த்தார். றிங் கட் போகாமல் அன்ரி அனுப்பிய குறுஞ்செய்தி ஒன்று எங்கோ நெரிசலில் சிக்கிக் கிடந்து, அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. "கொட்டாஞ்சேனையில இருந்து வெளிக்கிட்டிட்டாவாம்."

அன்ரி அழுகையோடு சிரித்தார். அன்றைக்கு அந்தச் சந்தியில் சிரித்தவர்கள் நாங்கள் மட்டுமாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலை காவலாளி யாரையும் கேட்காமல் கேட்டைத் திறந்தான். ஐயா தனியே பேப்பர் வாங்கப் போனார். கடையடியில் நின்று முதன்முறையாகத் தானே ஒரு றிங் கட் கொடுத்தார். முதலில் அன்ரிக்கு. அடுத்தது, வங்கிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த குழுத் தலைவருக்கு.