கண்டம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை

போன வருஷம் தைப்பொங்கல் முடிந்த கையோடு, வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் பல்கனியில் நின்றுதான் அந்த முடிவை எடுத்தேன். பாய்மரப் படகு ஓட்டப் பழகுவது! எனக்கு நாற்பத்திரண்டு வயது, வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள். வீட்டுக்கு முன்னால் ரயில் பாதை, அதற்கு அந்தப் பக்கம் கடல். அன்று பின்னேரம் தூரத்தில் ஒரு வெள்ளைப் பாய் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அடுப்பில் வைத்த கேத்திலையும் மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் வற்றி, கேத்தில் கருகி மணந்த பிறகுதான் உள்ளே ஓடினேன்.

ஆசை புதிதில்லை. ஆனால் என் சாதகத்தில் தண்ணீரால் கண்டம் இருக்கிறதாம். அதனால் அம்மா என்னைக் கணுக்காலுக்கு மேல் கடலில் நனைய விட்டதே இல்லை. பள்ளிக்கூடச் சுற்றுலா கடற்கரைக்கு என்றால் அன்று காலையில் எனக்குக் கட்டாயம் காய்ச்சல் என்று டீச்சருக்குச் சொல்லிவிடுவா. இப்போது அவ கொட்டாஞ்சேனையில் அண்ணாவோடு இருக்கிறா. இரண்டு வருஷமாக நான் நீச்சல் குளத்துக்குப் போவதே அவவுக்குத் தெரியாது. படகு விஷயத்தை மட்டும் ஒளிக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மா அழுதுகொண்டு வேண்டாம் என்று சொன்னால் நான் போகமாட்டேன், ஆசை அதோடு சரி. ஆகவே அவ வாயே திறக்க முடியாத அளவுக்கு ஒரு நல்ல இடமாகப் பிடித்துவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தேன்.

நல்ல இடத்தை எப்படிப் பிடிப்பது? நாங்கள் வெள்ளவத்தைக்காரர். டியூஷன் வகுப்புப் பிடிக்கிற மாதிரித்தான் பிடித்தோம். ரிசல்ட் என்ன? அதுதான் முதல் கேள்வி, அதுதான் கடைசிக் கேள்வி. என் கணவர் இதில் பெரிய விண்ணன். மகளுக்குக் கணக்கு மாஸ்டர் தேடியபோது அந்த ஒழுங்கையில் ஒரு வீடு விடாமல் விசாரித்தவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு இடங்களைப் பார்க்கக் கிளம்பினோம். முதலாவது, கொழும்புக்குத் தெற்கே கடற்கரை ஓரம். ஏசி போட்ட வகுப்பறை, குளிர்ந்த இளநீர், சுவர் முழுக்கச் சான்றிதழோடு சிரிக்கிற ஆட்களின் படங்கள். வரவேற்ற தம்பி தேனாய்க் கதைத்தான். கணவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, ரிசல்ட் எப்பிடி?"

"அண்ணை, இதுவரைக்கும் ஒருத்தரும் பெயில் இல்லை. ஹண்ட்ரட் பர்சன்ட் பாஸ்!"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையைப் பார்க்கவேண்டுமே! மகளே மெடிசினுக்கு எடுபட்ட மாதிரி. எனக்கும் வாயெல்லாம் பல். அப்போதே பெயரைக் கொடுத்திருப்போம். மற்ற இடத்துக்கும் வருகிறோம் என்று சொல்லிவைத்துவிட்டோமே, மரியாதைக்கு ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் புறப்பட்டோம்.

இரண்டாவது இடம் ஒரு வாவிக் கரை. தகரக் கொட்டில், நனைந்த கயிறுகள், ஒரு பூனை. படிப்பிக்கிறவ ஐம்பது வயதிருக்கும் ஒரு சிங்களப் பெண். தலையில் தொப்பி, காலில் செருப்பில்லை. சிங்களத்தில்தான் கதைத்தோம். இவர் அதே கேள்வியைக் கேட்டார். அவ கொஞ்சமும் யோசிக்கவில்லை. போன முறை வந்தவர்களில் பாதிப்பேர் பெயில் என்றா! கவிழ்ந்த படகை நிமிர்த்தத் தெரியாதவருக்குச் சான்றிதழ் இல்லையாம், திரும்ப வரச் சொல்லுவாவாம்.

இவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "இஞ்ச வாரும், போவம். பாதிப்பேர் பெயிலாம். இதென்ன வகுப்பு?"

நான் அசையவில்லை. 'கவிழ்ந்த' என்ற அந்தச் சொல் எனக்குள் மாட்டிக்கொண்டுவிட்டது. "படகு கவிழுமா, அக்கே?" என்று கேட்டேன்.

தங்கச்சி என்கிற மாதிரி என்னை 'நங்கி' என்று கூப்பிட்டு விழுந்து விழுந்து சிரித்தா. "படகு என்றால் கவிழும், நங்கி. இப்பவே பார்க்கிறியா?"

என்ன துணிவு வந்ததோ தெரியாது. ஓம் என்றுவிட்டேன்! அவவின் அரைக் காற்சட்டையும் மிதவை அங்கியும் போட்டுக்கொண்டு, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய அந்தச் சின்னப் படகில் ஏறினேன். காற்று பாயில் பிடித்ததும் படகு ஒரு துள்ளுத் துள்ளி ஓடத் தொடங்கியது. எஞ்சின் சத்தம் இல்லை, ஒன்றும் இல்லை. பாயின் கயிற்றை என் கையில் தந்தா. அது நாய்க்குட்டி மாதிரி என்னை இழுத்தது. நான் கத்தினேன், சிரித்தேன், அம்மாடியோவ் என்றேன். நாற்பது வருஷமாக இது எனக்கு இல்லாமல் போனதே என்று கோபமும் வந்தது.

நடு வாவியில் அவ என்னைப் பார்த்து, "பய வெண்ட எபா" என்றா. பயப்படாதே என்று. சொன்ன கையோடு படகைக் கவிழ்த்துவிட்டா!

தண்ணீருக்குள் தலை போனது. கண் முழுக்கப் பச்சை. சரி, கண்டம் வந்துவிட்டது, அம்மா சொன்னது பலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த கணம் மிதவை அங்கி என்னை மேலே தூக்கிவிட்டது. இருமிக்கொண்டு பார்க்கிறேன், அவவின் ஆள் ஒருவர் ஓட்டிவந்த உதவிப் படகு ஏற்கெனவே எஞ்சினைப் போட்டுப் பக்கத்தில் நிற்கிறது. அவ அதைப் பொறு என்று கையால் காட்டிவிட்டு என்னிடம் வந்தா. கரையில் "ஐயோ முருகா!" என்று ஒரு சத்தம். நீந்தவே தெரியாத என் மனுஷன் சப்பாத்தோடு முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்.

கவிழ்ந்த படகின் வயிற்றிலிருந்து ஒரு பலகை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாயச் சொன்னா. ஏறினேன், வழுக்கினேன். திரும்ப ஏறினேன், திரும்ப வழுக்கினேன். அவ தொடவே இல்லை, பார்த்துக்கொண்டு மிதந்தா. பிறகு ஒருமாதிரி என் பாரம் முழுவதையும் பின்னால் கொடுத்தேன். தண்ணீரில் படுத்திருந்த பாய் மெல்ல அசைந்தது, சொட்டச் சொட்ட எழும்பியது, படகு நிமிர்ந்தே விட்டது! நான் நிமிர்த்தினேன்! வெள்ளவத்தை மார்க்கெட்டில் மரக்கறிப் பையைத் தூக்கவே மூச்சு வாங்குகிற நான்!

கரைக்கு வந்ததும் முதலாவது இடத்துக்கு ஃபோன் போட்டேன். படகு கவிழ்ந்தால் என்ன செய்யப் படிப்பிப்பீர்கள் என்று கேட்டேன். "அக்கா, எங்கட படகு கவிழாது" என்றான் அந்தத் தம்பி, அதே தேன் குரலில். இவர் சப்பாத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஸ்பீக்கரில் கேட்டார். கொட்டிலுக்குள் போய் என் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார்.

இனி அம்மா. அன்று பின்னேரமே கொட்டாஞ்சேனைக்குப் போனோம். வழி முழுக்க எனக்குப் பயம். வாவியில்கூட அப்படிப் பயப்படவில்லை. வாசலிலேயே பிடித்துவிட்டா. "என்னடி தலை ஈரம்?" நான் மென்று விழுங்க, இவர் முந்திக்கொண்டார்.

"மாமி, படகு ஓட்டப் பழக ரெண்டு இடம் பாக்கப் போனவ. ஒரு இடத்தில படகு கவிண்டு தண்ணிக்க போயிட்டா."

அவ்வளவுதான், இனி ஒப்பாரிதான் என்று கண்ணை மூடினேன். அம்மா அழவில்லை, இவரைப் பார்த்துக் கேட்டா.

"தலையும் தண்ணிக்குள்ள தாண்டதோ?"

"ஓம் மாமி. முழுசாத் தாண்டுட்டா."

"பிறகு ஆர் தூக்கினது?"

"ஒருத்தரும் தூக்கேல்லை. தானே வந்தவ. படகையும் தானே நிமித்தினவ."

அம்மா சாமியறைக்குப் போய் விபூதித் தட்டோடு வந்தா. என் ஈர நெற்றியில் அழுத்திப் பூசினா. "கண்டம் கழிஞ்சுது" என்றா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மற்ற இடத்தில கவிழ்க்க மாட்டினமோ?" என்று கேட்டா.

"அங்க கவிழவே கவிழாதாம், மாமி."

"அப்ப அங்க போகாத. கண்டத்தை வைச்சுக்கொண்டு திரியேலாது."

நான் அவவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

சோதனையில் நான் பெயில். காற்றுக்கு எதிராகப் படகைத் திருப்பத் தெரியாமல் நாணலுக்குள் கொண்டுபோய்ச் சொருகிவிட்டேன். கேட்ட சொந்தக்காரருக்கெல்லாம் இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்கட ஆள் பெயில்! அங்க சும்மா பாஸ் போடமாட்டினம்" என்று சொல்லித் திரிந்தார். அடுத்த தவணை சான்றிதழ் கிடைத்தது. அந்தச் சோதனைக்கு அம்மா வாவிக் கரைக்கு வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு, நான் திரும்பி வரும்வரை உட்காராமலே நின்றா.

கண்டம் உண்மையிலேயே கழிந்ததோ என்று எனக்குத் தெரியாது. ஆனால் காற்று திடீரென்று படகைச் சாய்க்கிறபோது இன்றைக்கும் நான் பதறுவதில்லை, விழுந்தால் காலை எங்கே வைத்து எழும்பவேண்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே அந்த அக்கே எனக்குக் காட்டிவிட்டா.