மூட்டைப்பூச்சி இல்லாத அறை

விடுதியில் இடம் கிடைக்காத அந்த ஆராய்ச்சி மாணவி இரண்டு மாதமாக வீடு தேடி நாயாய் அலைந்தாள். ஒரு மாடி அறை காலி என்று கேள்விப்பட்டு ஓடினால், அவளுடைய ஜூனியர் பெண் அங்கிருந்து படியிறங்கி வருகிறாள். வயிறு பற்றி எரிந்தது.

“அக்கா…” என்று ஏதோ சொல்ல வந்தவளை முந்திக்கொண்டு, “இந்த வீடா? வேண்டாம்டி, ஒரே மூட்டைப்பூச்சி! நேத்தே பாத்துட்டேன்,” என்று வாய் கூசாமல் புளுகினாள்.

திறந்த வாயை மூடிக்கொண்டு, “சரிக்கா,” என்று போய்விட்டாள் ஜூனியர்.

மேலே வீட்டுக்காரர் கேட்டார்: “அந்த அக்கா நீங்கதானா? ‘எனக்கு அவசரமில்ல, எங்க அக்காவுக்குக் குடுங்க’ன்னு இப்பதாம்மா அந்தப் பொண்ணு சொல்லிட்டுப் போச்சு.”

சாவியை வாங்கிக்கொண்டாள். அந்த அறையில் மருந்துக்குக்கூட ஒரு மூட்டைப்பூச்சி இல்லை. குடிபோன நாளிலிருந்து அவளுக்கு உடம்பெல்லாம் அரித்தது.