இணைப்பு இரண்டில் இருந்த அம்மா

‘என் அம்மா’ என்று கட்டுரைத் தலைப்பைக் கொடுத்துவிட்டு, அம்மாவை இணையத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்ன முட்டாள் மலேசியாவின் கெடா மாநிலத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதைவிடக் கேவலம், அன்றைக்கு எனக்கு என்னைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது.

லூனாஸ் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி. பாதி ஆண்டில் ஐந்தாம் ஆண்டு வகுப்பு என் தலையில் விழுந்தது. பிள்ளைகள் எழுதும் வருணனையில் எல்லா அம்மாக்களுக்கும் நிலவு முகம், முத்துப் பல், மான் விழி. மாதிரிக் கட்டுரைப் புத்தகங்களின் கைங்கரியம். வாசித்து வாசித்து நிலவின் மேலேயே எனக்கு வெறுப்பு வந்துவிட்டது. பிள்ளைகள் கண்ணால் பார்த்து எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காக விடுமுறை நாள் ஒன்றைப் பலி கொடுத்து, வழிகாட்டலுடன் கூடிய இணையத் தேடல் நடவடிக்கை ஒன்றைத் தயாரித்தேன். கண்ட இடத்தில் மேய்ந்து கண்றாவியான பக்கங்களில் போய் விழாமல் இருக்க, இணைப்புகளை நானே தேடிக் கொடுத்தேன். முதல் இணைப்பில் முக அமைப்புக்கான சொற்கள். இரண்டாவதில் ஒரு தாயின் படம். அதன் கீழே கேள்விகள்: நிறம் என்ன? கைகள் என்ன செய்கின்றன? சிரிப்பு எப்படி? பிறகு உன் அம்மாவை எழுது.

அந்தப் படத்தில் எந்த நாட்டுப் பெண்ணோ, பொன்னிறக் கூந்தலோடு சமையலறையில் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். இலவசமாகக் கிடைத்த படம்.

விளைவு உங்களுக்கே தெரிந்திருக்கும். நிலவு ஒழிந்தது. லூனாஸ் முழுக்கப் பொன்னிறக் கூந்தல்காரிகள் குடியேறினார்கள். ஒரு தாய் பள்ளி வாசலிலேயே என்னை மறித்து, “நா எப்ப சார் தலைக்குச் சாயம் அடிச்சேன்? பக்கத்து வீட்டுல சிரிக்கிறாங்க லா!” என்றார். நானும் சிரித்துச் சமாளித்தேன்.

ஒரு கட்டுரையை மட்டும் வகுப்பறைச் சுவரில் இருந்த மென்பலகையில் ஒட்டினேன். “என் அம்மாவின் கன்னத்தில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும். அதைத் துடைக்க நேரமில்லாமல் அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்” என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். கடைசி வரிசைக்காரி, அதிகம் பேசாதவள். வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டினேன். படத்தின் பிரதி ஒன்று வேண்டுமென்று கேட்டாள். வண்ணத்திலேயே அச்சடித்துக் கொடுத்தேன். அவளுக்கு அம்மா இல்லை என்பது எனக்குத் தெரியாது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் தயாரித்த படிகளில் அந்தக் கேள்வி இல்லை.

மறு வாரம் பள்ளி முடிந்த நேரத்தில் அவளுடைய அப்பா வந்தார். கூலிம் தொழிற்சாலைச் சீருடை, கையில் ஹெல்மெட். மகள் அவர் பின்னால் நின்றாள். அவர் அந்தப் படத்தை என் மேசையில் வைத்தார். ஓரத்தில் குங்குமக் கறை.

“இது யாரு சார்?”

“தெரியாது தம்பி. சும்மா ஒரு படம்.”

“சாமி மேடையில வச்சிருக்கா சார். நா வேல முடிஞ்சி வந்து பாக்குறேன், வெளக்கு எரியுது. இந்த வெள்ளக்காரிக்குப் பூ வச்சிருக்கா. எடுத்தா அழுவுறா.”

“அவங்க அம்மா படத்த வச்சிடலாமே?”

“இல்லியே சார். கல்யாண ஆல்பம் வெள்ளத்துல போச்சி. போன்ல இருந்துச்சி, அதுவும் செத்துப்போச்சி. ஐசியில, அடையாள கார்டுல, ஒரு படம் இருந்துச்சி, அத சாவு பதியறப்பவே வாங்கிக்கிட்டாங்க. அவ ஆளுங்ககிட்ட கேக்கலாம்னா, நாங்க ஓடிப்போயி கட்டிக்கிட்டோம், இன்னிக்கு வரைக்கும் பேச்சு இல்ல. அவ போறப்பதான் இவளுக்கு நட வந்துச்சி. ஒன்னும் ஞாபகம் இல்ல.”

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இரண்டு வார்த்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன். அவரோ என்னிடம் வழி கேட்டார். வாத்தியார் புத்தி எங்கே போகும்? நானும் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

“உக்காருங்க தம்பி. நீங்க சொல்லுங்க, பாப்பா எழுதட்டும். இந்தத் தடவ இணைப்பு நீங்கதான்.”

அவள் சட்டென்று பென்சிலை எடுத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“கறுப்பு. குட்டையா இருப்பா. நல்லவ.”

அவள் எழுதிவிட்டு நிமிர்ந்தாள். நான் என் கேள்விகளை ஆரம்பித்தேன். கைகள்? “சொரசொரன்னு இருக்கும், கையொற தயாரிக்கிற பாக்டரியில வேல.” சிரிப்பு? “சிரிச்சா வாயப் பொத்திக்கிடுவா. முன்பல்லு ஒன்னு ஒடஞ்சிருக்கும். அத ஆளுக்குக் காட்டமாட்டா. எனக்கு மட்டும் காட்டுவா.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மகள் பென்சிலை நிறுத்திவிட்டு, தன் வாயைப் பொத்திப் பார்த்துக்கொண்டாள். வருணனை கற்பித்த இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பாடம் எனக்கு வாய்த்ததில்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். எனக்குத் திருப்தி போதவில்லை.

“குரல் எப்படி இருக்கும் தம்பி? உங்கள எப்படிக் கூப்புடுவாங்க?”

“என்னையா? என்ன...” என்று வாயைத் திறந்தார். அவளைப் போலவே கூப்பிட்டுக் காட்டத்தான் பார்த்தார். ஒலி வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே பள்ளிப் பேருந்து பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

“வரல சார்” என்றார். “இருந்துச்சி. நா அத எப்ப தொலைச்சேன்னே தெரியல.”

அவர் தோள்கள் குலுங்கின. எழுந்து வந்தவள் மகள்தான். அப்பாவின் மடியில் இருந்த ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாள்.

“பரவால்லப்பா. அந்த அம்மாவும் பேசமாட்டாங்க.”

சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த படத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள். எழுதிய தாளை என்னிடம் நீட்டினாள், திருத்தித் தருவதற்கு. அவர் தடுக்கவில்லை. இருவரும் மோட்டாரில் ஏறிப் போனார்கள்.

அந்தத் தாளில் நான் இன்னும் சிவப்பு மை வைக்கவில்லை.

மறுநாள் தலைமையாசிரியையிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். திட்டினால் கொஞ்சம் தேவலாம் என்றிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்:

“அடுத்த வாட்டி பூனையப் பத்தி எழுதச் சொல்லுங்க சார். எந்தப் பூனப் படத்தப் போட்டாலும் யாரும் வந்து கேக்கமாட்டாங்க.”