மூவரும் நின்ற ஒரே படம்

போர்ட் பிளேயரில், லம்பா லைன் வீட்டுச் சுவரில் பல வருஷம் தொங்கிய படம் அது. ஒரு பக்கம் சித்தி, இன்னொரு பக்கம் அந்த மனிதர், நடுவில் சித்தி மகள், என் ஆறு வயதுத் தங்கை. அவள் தலைக்கு மேலே, அரக்கு முத்திரை வைத்த ஒரு பழுப்பு உறையைப் பெரியவர்கள் இருவரும் ஆளுக்கொரு முனையில் பிடித்திருப்பார்கள். வருகிறவர்கள் "குடும்பப் படமா?" என்று கேட்டால் சித்தி தயங்காமல் "ஆமா" என்பாள். பொய்யில்லை. ஆனால் அது ஸ்டூடியோவில் எடுத்ததல்ல. கோர்ட் உத்தரவுப்படி ரத்தம் எடுத்த ஆஸ்பத்திரி அறையில் எடுத்தது.

அவருக்குக் கார் நிக்கோபார் தீவில் அரசாங்க உத்தியோகம். போர்ட் பிளேயருக்கு வந்தால் சித்தி வீட்டில்தான் தங்குவார். கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள், பதிவு செய்யவில்லை. மெயின்லேண்டில் அவருக்கு மனைவி மக்கள் இருப்பது தங்கை பிறந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பள்ளியில் சேர்க்கத் தகப்பன் பெயர் கேட்டபோது, அது தன் குழந்தையே இல்லை என்று சொல்லி அனுப்பினார். சித்தி அழவில்லை. கேஸ் போட்டாள்.

அடுத்து நடந்த கூத்துக்கு நான்தான் காரணம். அவருடைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று வீட்டில் கிடந்தது. சென்னையில் தனியார் லேப் ஒன்று டி.என்.ஏ. சோதித்துத் தகப்பன் யாரென்று சொல்லுமாம் என்று பெரிய மேதாவிபோல யோசனை சொன்னேன். தீவுக்காரர்களுக்கு ஒரு பழக்கம். மருந்தோ கருவாடோ கல்யாணப் பத்திரிகையோ, எதையும் கப்பலேறுகிற ஆள் கையில் கொடுத்துவிடுவோம். தபாலைவிட ஆளைத்தான் நம்புவோம். பிரஷ்ஷையும் தங்கையின் எச்சில் தொட்ட பஞ்சையும் பையில் போட்டுப் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரரிடம் கொடுத்தோம். மூன்று நாள் கப்பலில் அவை அவருடைய முறுக்கு டப்பாவோடு பயணம் செய்தன. அந்த மனிதர்தான் தகப்பன் என்று ரிப்போர்ட் வந்தது. சித்தி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள்.

நீதிபதி இந்தியில் மூன்று கேள்விதான் கேட்டார். இது இவருடைய பிரஷ் என்பதற்கு யார் சாட்சி? பையில் போட்டபோது யார் பார்த்தார்கள்? வழியில் யார் கையில் இருந்தது? "பக்கத்து வீட்டு பையா, சாப். பக்கா ஆத்மி" என்றாள் சித்தி. அண்ணன் நம்பகமான ஆளாம். கோர்ட்டே சிரித்தது. அந்த மனிதரும் சிரித்தார். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ரிப்போர்ட் செல்லாது, முறைப்படி புதிதாக எடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

ரத்தம் எடுக்கும் நாளில் அவர் கப்பலில் வந்து இறங்கியிருந்தார். கடல் ஒத்துக்கொள்ளாமல் முகம் வெளுத்திருந்தது. அடையாள அட்டை பார்த்து, கைரேகை வாங்கி, விரலைக் குத்தி, ஒவ்வொருவர் ரத்தத்தையும் தனித்தனி அட்டையில் சொட்டவிட்டு, எல்லோர் கண்ணெதிரே உறையிலிட்டு அரக்கு வைத்தார்கள். ஊசிக்குத் தங்கை அழவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கறாரானவர். பிறகு யாரும் ஆள் மாறாட்டம் என்று கிளம்பக்கூடாதென்று உறையோடு மூவரையும் நிற்கவைத்துப் படம் எடுக்கச் சொன்னார்.

முடிந்ததும் சித்தி அவரிடம், "கப்பல்ல வந்திருக்கீங்க, ஏதாச்சும் சாப்ட்டீங்களா?" என்றாள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

கேஸில் ஜெயித்தோம். பள்ளிக்கூடத்தில் பெயர் ஏறியது. இனிப்பு வாங்கிக்கொண்டு போன என்னிடம் சித்தி, "காயிதம் சொல்லிருச்சுடா. அவரு வாயால ஒரு தடவ சொல்லணும்" என்றாள். அவர் சொல்லவே இல்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு மெயின்லேண்டுக்குப் போய்விட்டார். சித்தி கோர்ட்டில் மனுப் போட்டு அந்தப் படத்தின் நகலை வாங்கி மரச்சட்டம் போட்டு மாட்டினாள். பைத்தியக்காரத்தனம் என்று நான் சண்டை போட்டேன். அவள் கழற்றவில்லை.

போன மழைக்காலத்தில் சித்தி இறந்துபோனாள். மாலை போட அவளுக்கு வேறு நல்ல படம் இல்லை. உயிரோடு இருப்பவர்கள் உள்ள படத்துக்கு மாலை போட முடியாதே. சித்தியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கித் தரும்படி ஸ்டூடியோவில் கொடுத்தேன். "கவர் இருக்கட்டும்ணா, அம்மா அதுக்காகத்தான் அலைஞ்சா" என்றாள் தங்கை. இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

படம் வந்தது. தங்கை இல்லை, அவர் இல்லை. சித்தி மட்டும் உறையோடு நின்றாள். ஆனால் உறையின் மறுமுனையில் இரண்டு விரல்கள் மிஞ்சியிருந்தன.

"இதையும் அழிச்சுடச் சொல்லவா?" என்று கேட்டேன்.

தங்கை கிட்டே வந்து பார்த்தாள். "வேணாம்ணா. அது அப்பா கை."

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை. அந்த ஆள் மீது எனக்குள்ள கோபம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் ஆணியில் மாட்டிய பிறகு, அந்த இரண்டு விரல்கள் மேல் படாதபடி மாலையை ஒதுக்கித்தான் போட்டேன்.